வீட்டுத் தோட்டத்துப் பறவைகளைக் கண்டு இனம் பிரித்தல்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் ஒரு பறவை வந்து உட்கார்ந்ததும், புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர் கேட்கும் முதல் கேள்வி "இதன் பெயர் என்ன?" என்பதுதான். விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்தாரையும் பின்கட்டில் உட்காரவைத்துப் பறவை காட்டிவருகிறேன். பெயரை முதலில் கேட்டவர்கள் பலர் ஒரு மாதத்துக்குள் சலித்துப்போனதையும், வடிவத்தையும் நடத்தையையும் முதலில் கவனித்தவர்கள் தாமாகவே பெயருக்கு வந்து சேர்ந்ததையும் கண்டிருக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டியில் பெயர் கடைசியில்தான் வரும். படிகளை எழுதியுள்ள வரிசையிலேயே செய்யுங்கள்; ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதன் மேல் நிற்கிறது.

1. தொடங்குமுன் வேண்டியவை

சட்டைப்பைக்குள் அடங்கும் கோடிட்ட குறிப்பேடு ஒன்றும் பென்சில் ஒன்றும் கட்டாயம் வேண்டும். பேனா வேண்டாம். ஐப்பசி மழைச்சாரலில் மை கரைந்து பக்கமே அழிந்துபோகும். பென்சில் எழுத்து நிற்கும்.

பைனாகுலர் இரண்டாவது தேவை. வாங்குவதானால் 8x42 என்று குறித்திருப்பதை வாங்குங்கள். 8 என்பது உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கிறது. பத்து, பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கினால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். பெரிதாக்கப் பெரிதாக்கக் கைநடுக்கமும் பெரிதாகும், பார்வைக்குள் அடங்கும் பரப்பும் சுருங்கும். தோட்டத்துப் பறவை பத்து அடி தூரத்திலும் வந்து உட்காரும் என்பதால், இரண்டு மீட்டர் தொலைவிலிருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

வாங்கிய அன்றே அதைக் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். வலக்கண்ணை மூடி, நடுவிலுள்ள சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். இரு கண்ணின் பார்வையும் பலருக்கு ஒரே அளவில் இருப்பதில்லை. இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் அரைமணி நேரத்தில் தலைவலிக்கிறது என்று கருவியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

உடையில் வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் தவிர்த்தால் போதும். மங்கிய பச்சை, காவி, சாம்பல் எதுவும் ஆகும்.

2. உட்காரும் இடம்

தோட்டத்துக்குள் நடந்துகொண்டே பார்க்காதீர்கள். நீங்கள் நடந்தால் பறவை நகரும். நீங்கள் உட்கார்ந்தால் பறவை வரும். நம் வீடுகளில் இதற்கென்றே செய்ததுபோல் ஓர் இடம் இருக்கிறது. பின்கட்டிலிருந்து கிணற்றடிக்கு இறங்கும் வாசற்படிதான் அது. உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். வாசலுக்கு இரண்டடி உள்ளே தள்ளி முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் பறவைக்கு நம் உருவம் எளிதில் தெரியாது. நமக்கோ கிணற்றடி, முருங்கை, வாழைப்பாத்தி எல்லாம் தெரியும்.

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே இருந்தால் எந்தப் பறவையும் கரிய நிழலாகத்தான் தெரியும், கிளியும் கறுப்பாகிவிடும். கிழக்குப் பார்த்த வீடானால் பின்தோட்டம் மேற்கே அமையும், எனவே காலைவேளை உங்களுக்கு உரியது. மேற்குப் பார்த்த வீட்டுக்காரர் மாலையில் பின்கட்டிலும் காலையில் முகப்புத் திண்ணையிலும் உட்காரலாம்.

இடத்தைத் தேர்ந்த பின் மாற்றாதீர்கள். ஒரே இடத்திலிருந்து பார்க்கும்போது எந்தக் கிளை எவ்வளவு தூரம், எந்த ஓலை எவ்வளவு நீளம் என்பது மனத்தில் பதிந்துவிடும். பிறகு பறவையின் அளவைக் கணிக்க அந்தக் கிளையே அளவுகோலாக இருக்கும்.

3. நேரம்

காலை ஆறிலிருந்து எட்டு வரையிலும், மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரையிலும் பாருங்கள். நம் பக்கத்து வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் பறவைகள் நிழலுக்குள் ஒடுங்கிவிடும். நண்பகலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றும் காணாமல், நம் தோட்டத்தில் பறவையே இல்லை என்று முடிவுகட்டியவர்கள் சிலர் உண்டு.

உட்கார்ந்த முதல் பதினைந்து நிமிடத்துக்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள். கதவு திறந்த ஓசையில் விலகிப்போனவை திரும்பி வர அவ்வளவு நேரம் பிடிக்கும். கைப்பேசியை ஓசையின்றி வைத்து, கையையும் தலையையும் மெதுவாகவே அசையுங்கள். பேச்சைக் காட்டிலும் திடீர் அசைவுதான் பறவைகளை அதிகம் விரட்டுகிறது.

4. தெரிந்த பறவைகளை அளவுகோலாக்குதல்

இது மிகவும் முக்கியமான படி. எல்லோரும் தாண்டிக் குதிப்பதும் இதைத்தான். காக்கையும் மைனாவும் தெரிந்தவைதானே, அவற்றை எதற்குப் பார்ப்பது என்கிறார்கள். அவற்றை நன்றாகப் பார்க்காதவரால் வேறு எதையும் அளக்க முடியாது.

முதல் இரண்டு வாரத்துக்கு ஆறு பறவைகளை மட்டும் பாருங்கள். தேன்சிட்டு ஏறத்தாழ 10 செ.மீ., சிட்டுக்குருவி 15 செ.மீ., கொண்டைக்குருவி 20 செ.மீ., மைனா 23 முதல் 25 செ.மீ., மாடப்புறா 33 செ.மீ., காகம் 40 செ.மீ.க்குச் சற்று மேல். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரைக்குமான நீளம் இது. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், உருவங்களை மனத்தில் நிறுத்துங்கள். புதிய பறவை வந்ததும் "மைனாவைவிடச் சிறியது, கொண்டைக்குருவியைவிடச் சற்றே தடித்தது" என்று சொல்லவருமானால், பாதி வேலை முடிந்தது.

இந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வியாவது கேளுங்கள். மைனா தரையில் நடக்கிறதா, தத்துகிறதா? கொண்டைக்குருவியின் சிவப்பு எங்கே இருக்கிறது? சிட்டுக்குருவியில் தொண்டை கறுத்தது எது? மைனா நடக்கும். கொண்டைக்குருவிக்கு வாலின் அடியில், குதத்தைச் சுற்றிச் சிவப்பு. தொண்டை கறுத்தது ஆண் சிட்டு. பெண்ணுக்குக் கண்ணின் பின்னே வெளிறிய கோடு மட்டுமே. காகத்திலும் இரண்டு உண்டு: கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காகம், உடல் முழுதும் கறுத்து அலகு தடித்திருப்பது அண்டங்காக்கை. சிராத்தத்தன்று இலைக்கு வருபவற்றில் இரண்டும் கலந்திருக்கும். அன்றைக்கே பிரித்துப் பார்க்கலாம்.

5. பார்க்கும் வரிசை

பறவை உங்கள் முன் இருக்கப்போவது சில நொடிகளே. அந்த நொடிகளை எந்த வரிசையில் செலவிடுகிறீர்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். குனிந்து கருவியைத் தேடி, பிறகு நிமிர்ந்து பறவையைத் தேடினால் இரண்டும் தவறும். கிணற்றுக் கப்பியையும் தென்னங்குரும்பையையும் குறிவைத்து நாளுக்கு இருபது தடவை பழகினால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

அடுத்து அளவு. உடனே வடிவம்: உடல் உருண்டையா, ஒல்லியா, வால் நீளமா, குட்டையா, பிளந்ததா, நிமிர்ந்ததா. பிறகு அலகு. அலகைப் பார்த்தாலே உணவு தெரியும், உணவு தெரிந்தால் குடும்பம் தெரியும். கூம்புபோல் தடித்த அலகு தானியத்துக்கு. மெல்லிய ஊசியலகு பூச்சிக்கு. நீண்டு வளைந்தது தேனுக்கோ மண்ணைக் குத்துவதற்கோ. கொக்கிபோல் வளைந்தது ஊனுக்கு. கிளியின் கொக்கி மட்டும் கொட்டைகளை உடைப்பதற்கு.

பின்னர் நடத்தை. எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது? தரையில் சருகைப் புரட்டுகிறதா, மரத்தண்டில் செங்குத்தாக ஏறுகிறதா, கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துத் திரும்பவும் அதே இடத்துக்கு வருகிறதா? தனியாகவா, இணையாகவா, கூட்டமாகவா?

நிறம் கடைசி. நிழலில் பச்சை சாம்பலாகும், காலை வெயிலில் பழுப்பு செம்பாகும், மழையில் நனைந்தது எல்லாமே கறுப்பாகும். ஆனால் அளவும் வடிவமும் நடத்தையும் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறுவதில்லை. நிறத்தைப் பார்க்கும்போதும் உச்சியில் தொடங்கி வாலுக்கு வாருங்கள்: உச்சந்தலை, புருவக்கோடு, கண்வளையம், தொண்டை, மார்பு, சிறகுப் பட்டை, பிட்டம் (வாலுக்குச் சற்று மேலே முதுகு முடியும் இடம்), வாலடி. புருவமும் பிட்டமும் வாலடியும்தான் பெரும்பாலும் வழக்கைத் தீர்க்கும். புதியவர்கள் மார்பை மட்டுமே பார்க்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. போன மார்கழியில் காலை ஏழு மணியளவில், வாழைப்பாத்தி ஓரத்துச் சருகில் ஒன்று நடந்தது. கொண்டைக்குருவியை விடச் சிறியது, சிட்டைவிட நீளம். ஒல்லியான உடல், மெல்லிய அலகு. நான்கைந்து அடி நடந்து நின்றது. நின்றதும் உடலின் பின்பாதியும் வாலும் இடவலமாக அசைந்தன. மறுபடி நடந்தது, மறுபடி அசைத்தது. பக்கத்திலிருந்த பெண், வாலாட்டிதான் என்று கண்டுகொண்டாள், ஆனால் வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாகத்தானே ஆட்டும் என்று தயங்கினாள். அந்தத் தயக்கம்தான் விடை. பக்கவாட்டில் அசைப்பது கொடிக்கால் வாலாட்டி. குளிர்காலத்தில் மரநிழல் உள்ள தோட்டங்களுக்கு வருவது. மார்பின் இரட்டைக் கறுப்புப் பட்டையைப் பிறகுதான் பார்த்தோம். அது உறுதிப்படுத்தியது, அவ்வளவே.

6. பெயர் தேடுமுன் எழுதுதல்

பறவை பறந்ததும் நூலையோ செயலியையோ திறக்காதீர்கள். முதலில் எழுதுங்கள். படத்தைப் பார்த்த அடுத்த கணமே நினைவு அந்தப் படத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இல்லாத வெள்ளைப் புருவம் இருந்ததாகவே தோன்றும். இதை என்னிடமும் கண்டேன், பிறரிடமும் கண்டேன்.

நாள், நேரம், வெளிச்சம், இடம், அளவு, வடிவம், அலகு, நடத்தை, நிறம், குரல் என்ற வரிசையில் நாலு வரி போதும். "தை 12, காலை 7.10, நல்ல வெயில், முருங்கை நடுக்கிளை, சிட்டளவு, வால் நிமிர்ந்தது, உச்சி செம்பழுப்பு, வயிறு வெளிர், அலகு ஊசி, உடலுக்குப் பொருந்தாத உரத்த குரல்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தான். பார்க்காத நானும் படித்தவுடன் தையல்சிட்டு என்று சொல்ல முடிந்தது. இன்னொருவர் "அழகான சின்னப் பச்சைக் குருவி" என்று எழுதியிருந்தார்; அதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய இயலாது.

பார்க்காததைப் "பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள். கால் நிறம் தெரியவில்லையென்றால் தெரியவில்லை. ஊகித்து நிரப்பிய ஒரு விவரம் மற்ற ஒன்பது விவரங்களையும் கெடுத்துவிடும்.

7. குரல்

அடர்ந்த மாமரத்துக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். வாரம் ஒரு குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் பத்துக் குரலைக் கேட்டுப் பழக முயன்றால் எதுவும் நிற்காது.

செம்மார்புக் குக்குறுவானில் தொடங்கலாம். செம்புப் பாத்திரத்தைச் சிறு சுத்தியலால் தட்டுவதுபோல் "டொங்க்... டொங்க்..." என்று ஒரே சீராக நிமிடக்கணக்கில் கேட்கும். தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் ஓசை வேறு வேறு திசையிலிருந்து வருவதுபோல் மயக்கும். ஓசையைத் துரத்தாமல், ஆலமரத்திலோ அரசமரத்திலோ இலையற்ற உச்சிக்கொம்பைப் பாருங்கள். இளவெயிலில் அங்கேதான் இருக்கும். அடுத்து, ஆழமான பானைக்குள்ளிருந்து வருவதுபோல் "ஊப், ஊப், ஊப்" என்று கேட்பது செம்போத்து. மூன்றாவதாகத் தவிட்டுக்குருவிகள். ஏழெட்டுச் சேர்ந்து திடீரென்று ஓயாமல் கத்தினால் அருகில் பாம்போ பூனையோ வல்லூறோ இருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்தக் கத்தல் கேட்டதும் பைனாகுலருடன் போய்ப் பார்த்தால் ஆந்தையையோ வல்லூறையோ காணும் வாய்ப்பு அதிகம்.

ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் உதவும். ஆனால் அவை சொல்வதைத் துப்பாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். கரிச்சான் பிற பறவைகளின் குரலைப் போலவே கத்தக்கூடியது; அக்கம்பக்கத்து மிக்சி ஓசையும் இடையில் கலக்கும். கண்ணால் கண்டபிறகே பெயரை எழுதுங்கள்.

8. குழப்பும் பறவைகள்

நான் பார்த்த தவறுகளில் பெரும்பங்கு இந்தச் சில இடங்களில்தான் நடக்கிறது.

கறுப்புப் பறவைகள். காகம் அல்லாத கறுப்பு நம் தோட்டத்தில் குறைந்தது நான்கு உண்டு. வால் நுனி மீனின் வாலைப்போல் பிளந்து, கம்பியிலோ மாட்டின் முதுகிலோ அமர்ந்து பாய்ந்து பூச்சி பிடிப்பது கரிச்சான். இரட்டைவால் குருவி என்பதும் இதையே. சிட்டைவிடச் சற்றுப் பெரிதாக, மதிற்சுவரிலும் தரையிலும் வாலை முதுகுப் பக்கமாக நிமிர்த்தி நிற்பது கருஞ்சிட்டு; ஆணுக்குத் தோளில் வெள்ளைத் தீற்றல், வாலடியில் செம்பழுப்பு. மேல்பாதி கறுத்து வயிறு வெளுத்து, சிறகில் நீண்ட வெள்ளைப் பட்டையுடன் இருப்பது குண்டுகரிச்சான். வண்ணாத்திக்குருவி என்றும் சொல்வார்கள். கோடையில் விடியுமுன் உச்சிக்கொம்பில் இனிமையாகப் பாடுவது இதுவே. இவை மூன்றையும் அளவும் வாலும் மட்டுமே பிரித்துவிடும். நான்காவது, காக்கையளவுக்கு நீண்டு ஆனால் ஒல்லியாக, சிவந்த கண்ணும் வெளிறிய பச்சை அலகுமாக இலைக்குள் பதுங்கும் ஆண் குயில்.

பெண் குயில். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த இப்பறவையைப் பலர் பருந்துக் குஞ்சு என்றோ புது வகைப் பறவை என்றோ எழுதுகிறார்கள். நானும் தொடக்கத்தில் ஓராண்டு முழுவதும் இதைத் தனிப் பறவையாகவே குறித்துவைத்திருந்தேன். காக்கைக் கூட்டருகே பங்குனி, சித்திரையில் கறுத்த ஆணும் இதுவும் சேர்ந்து வருவதைக் கண்டபோதுதான் தெளிந்தது. பறவைகளில் ஆணும் பெண்ணும் வேறு தோற்றத்தில் இருக்கலாம் என்பதை முதல் நாளே நினைவில் வையுங்கள்.

தேன்சிட்டுகள். செம்பருத்திக்கு நாள்தோறும் வருவது பெரும்பாலும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. ஆணுக்கு வயிறு மஞ்சள், மார்பின் குறுக்கே கருஞ்சிவப்புப் பட்டை. உடல் முழுதும் கருநீலமாக மின்னுவது ஊதாத் தேன்சிட்டு. அதையொத்து, ஆனால் அலகு வெளிப்படையாக நீண்டு வளைந்து, வயிறு மங்கிய பழுப்பாக இருந்தால் லோட்டன் தேன்சிட்டு. சிக்கல் பெண்களில் இருக்கிறது. தொண்டை வெளுத்து மார்புக்குக் கீழ் மட்டும் மஞ்சளானால் ஊதாப்பிட்டத்தின் பெண். தொண்டையிலிருந்தே வெளிர்மஞ்சளானால் ஊதாத் தேன்சிட்டின் பெண். மஞ்சள் அடிப்பகுதியின் நடுவே தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரே கருங்கோடு ஓடினால், அது இனப்பெருக்கம் முடிந்து உடை மாறிய ஊதாத் தேன்சிட்டின் ஆண்.

கொண்டையில்லாத சின்னான். சின்னான் என்பது கொண்டைக்குருவி வகைக்குப் பொதுப்பெயர். புதருக்குள்ளிருந்து திடீரென்று தண்ணீர் கொதித்துப் பொங்குவதுபோல் உரத்த ஓசை எழுந்து, உடனே அடங்கும். வெளியே வராது. அது வெண்புருவச் சின்னான். நம் வறண்ட புதர்க்காட்டுப் பக்கத்தில் தாராளமாக உண்டு. பசுமை கலந்த பழுப்பு உடல், வெள்ளைப் புருவம், வாலடியில் மஞ்சள். வேலியோரத்துப் புதரை ஒட்டவெட்டிய வீட்டில் இதைக் காண முடியாது.

புறாக்கள். கழுத்தின் பின்னே கறுப்பில் வெள்ளைப் புள்ளி தூவியது புள்ளிப்புறா. சிலர் மணிப்புறா என்பர். கழுத்தில் அரைவட்டக் கறுப்புக்கோடு மட்டும் உள்ள வெளிர்சாம்பல் நிறத்தது கள்ளிப்புறா. இரண்டையும்விடச் சிறிதாக, இளஞ்சிவப்புச் சாயலுடன் தொண்டையடியில் கரும்புள்ளிகள் உள்ளது சின்னத் தவிட்டுப்புறா.

மரங்கொத்தியும் கொண்டலாத்தியும். தலையில் விசிறிக் கொண்டை தெரிந்ததும் மரங்கொத்தி என்று சொல்லிவிடுகிறார்கள். தரையில் நடந்து நீண்ட மெல்லிய அலகை மண்ணுக்குள் விடுவது கொண்டலாத்தி. மரங்கொத்தி தென்னந்தண்டில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு ஏறும். நம் பக்கம் காண்பது பெரும்பாலும் பொன்முதுகு மரங்கொத்தி.

உழவாரனும் தகைவிலானும். வானில் வளைந்து வளைந்து பறப்பது கம்பியில் வந்து உட்கார்ந்தால் தகைவிலான். உழவாரன் கம்பியில் உட்காராது, அதன் கால்கள் அதற்கு ஏற்றவை அல்ல. பனையைச் சுற்றிவரும் ஒல்லியானது பனை உழவாரன். கோபுரத்தையும் பழைய மாளிகையின் உயர்ந்த முகப்பையும் சுற்றிக் கூட்டமாகக் கீச்சிடும் வெண்பிட்டமுள்ளது நாட்டு உழவாரன்.

வல்லூறும் அக்காக்குயிலும். இரண்டும் சாம்பல் மேனி, வரியோடிய மார்பு. அலகைப் பாருங்கள். கொக்கியாக வளைந்திருந்தால் வல்லூறு. நேராக மெலிந்து கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் அக்காக்குயில். தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடுவதும் இந்த அக்காக்குயில்தான். சிறிய தவிட்டுக்குருவி தன்னிலும் பெரிய குஞ்சுக்கு இரை ஊட்டுவதைக் கண்டால் வியக்க வேண்டாம்.

இரவுப் பறவைகள். பூட்டிக்கிடக்கும் பெரிய வீட்டு மாடியிலிருந்து இரவில் சீறலும் கிறீச்சிடலும் கேட்டால், சாக்குருவி கத்துகிறது, யாருக்கோ ஆகாது என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. அது கூகை. இதயவடிவில் வெளுத்த முகமும் வெளிர்ந்த உடலும் கொண்ட ஆந்தை. நெற்குதிரை நாசமாக்கும் எலிகளை உண்டு வாழ்வது. பக்கத்துவீட்டு ஆச்சி ஒருவரிடம் பைனாகுலரைக் கொடுத்து மாடி விளிம்பில் நின்ற அதைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதையா இத்தனை நாள் விரட்டச் சொன்னேன்" என்றார்கள். மைனாவைவிடச் சிறிதாக, பகலில் மரப்பொந்தில் நின்று தலையை ஆட்டி நம்மை உற்றுப்பார்ப்பது புள்ளி ஆந்தை.

9. எந்த மாதம் என்பதைச் சேர்த்துப் பார்த்தல்

ஒரு பறவையைக் கண்ட மாதம் அதன் அடையாளத்தில் ஒரு பகுதி. புரட்டாசியிலிருந்து பங்குனி வரை வடக்கேயிருந்து வருபவை நம் தோட்டங்களில் தங்கும்: மாங்குயில், பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான், மேலே சொன்ன கொடிக்கால் வாலாட்டி. வைகாசியில் கீச்சானைக் கண்டதாகக் குறிப்பிருந்தால் மறுபடி யோசிக்க வேண்டும்.

இப்படி வருபவற்றில் இன்னொன்றைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் ஆறுமணிக்குருவி எனப்படுவது. பச்சை முதுகு, கண்ணை ஊடறுக்கும் கறுப்புப் பட்டை, மங்கிய மஞ்சள் மார்பு, வாலடியில் இரத்தச் சிவப்பு, இல்லை என்றே சொல்லும்படி குட்டை வால். சருகில் தத்தித் தத்தி இரை தேடும். புரட்டாசி, ஐப்பசியில் நெடுந்தூரம் பறந்து களைத்து வந்து, கண்ணாடிச் சன்னலில் மோதியோ விளக்கைக் கண்டு மயங்கியோ வளவுக்குள் விழுந்துகிடப்பது உண்டு. அப்படிக் கண்டால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கும். காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, இருட்டும் அமைதியுமான அறையில் சில மணி நேரம் வையுங்கள். தெளிந்ததும் புதர் ஓரத்தில் பெட்டியைத் திறந்துவைத்து விலகிவிடுங்கள். இறகோ காலோ ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தலைக்கு மேல் பறந்துபோகும் பெரிய பறவைகளையும் குறித்துவையுங்கள். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடியில் 1977-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இருப்பதால், நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நம் வானத்தைக் கடக்கும். அங்கே கூடுகட்டும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கழுத்தை நீட்டிப் பறந்தால் நாரையோ அரிவாள்மூக்கனோ. கழுத்தை மடக்கிப் பறந்தால் கொக்கு வகை.

10. பறவை வரும் தோட்டமாக்குதல்

தானியம் தூவுவதைவிடத் தண்ணீர் வைப்பது மேல். தானியம் புறாவையும் காகத்தையும் கூட்டும். தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டும், அதிலும் பங்குனிக்குப் பிறகு.

அகன்ற மண்சட்டியில் இரண்டங்குல ஆழத்துக்கு மேல் வைக்காதீர்கள். நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றைப் போடுங்கள். சிறு பறவைக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, துவைக்கிற கல்லின் மேல் வைப்பது நல்லது. புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிப் பாயும். மிகவும் தள்ளி வைத்தால் பறவைக்கு ஒதுங்க இடமிருக்காது. நாள்தோறும் தேங்காய் நாரால் தேய்த்து நீரை மாற்றுங்கள். மாற்றாத நீரில் கொசுப்புழு வளரும், எச்சத்தால் நோயும் பரவும்.

செம்பருத்தி, மாதுளை, முருங்கை, பப்பாளி, தேன்பழ மரம் ஆகியவை இருந்தால் போதும். தேன்பழத்துக்கு வரும் மிகச் சிறிய சாம்பல் குருவி பூக்கொத்தி. சருகை முழுதும் பெருக்கி எரிக்காமல் ஒரு மூலையிலாவது விட்டுவையுங்கள். ஆறுமணிக்குருவியும் தவிட்டுக்குருவியும் சருகைப் புரட்டித்தான் வயிறு வளர்க்கின்றன. பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் பறவை பார்க்க உட்கார்வது வீண்.

11. கூட்டருகே செய்யக் கூடாதவை

கொய்யாவின் இரண்டு இலைகளைத் தைத்து ஒரு தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. படம் தெளிவாக வரவேண்டும் என்று மறைத்துக்கொண்டிருந்த ஓர் இலையை நான் கயிற்றால் விலக்கிக் கட்டினேன். படம் எடுத்ததும் அவிழ்த்தும்விட்டேன். மறுநாள் காலையில் கூடு கிழிந்து முட்டைகள் இல்லை. காகம் நான் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை. கூட்டைத் தற்செயலாகக் கண்டால் பார்த்த இடத்திலிருந்தே திரும்பிவிடுங்கள். நாம் நின்று நோக்கும் இடத்தைக் காகமும் வால்காக்கையும் நோக்குகின்றன.

பறவையை வெளியே வரவைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடாதீர்கள். எதிரி புகுந்துவிட்டான் என்று அது இரை தேடுவதையும் அடைகாப்பதையும் விட்டுவிட்டு வரும். கூட்டிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சை வளர்க்கிறேன் என்று கூண்டில் வைப்பதும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பச்சைக்கிளியைக் கூண்டிலடைப்பது குற்றம்.

12. சரிபார்த்தலும் பதிவிடுதலும்

இப்போது பெயர். குறிப்பை எதிரே வைத்துக்கொண்டு படநூலையோ செயலியையோ திறங்கள். முதலில் ஒத்துப்போகும் அடையாளங்களைத் தேடாமல், ஒத்துப்போகாதவற்றைத் தேடுங்கள். ஒன்று ஒத்துவராவிட்டாலும் அந்தப் பெயரை ஒதுக்கிவைத்து அடுத்ததைப் பாருங்கள். பிறகு, இந்தப் பறவை இந்தப் பகுதியில், இந்த மாதத்தில் உண்டா என்று பாருங்கள். அரிய பறவையின் பெயர் வந்தால், அதையொத்த பொதுவான பறவை எது என்று ஒருமுறை தேடுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை விடை அதுவாகவே இருக்கும்.

தெளியாததைத் "தேன்சிட்டு வகை, பெண்" என்ற அளவில் நிறுத்திவிடுங்கள். பாதிப் பெயர் தவறான முழுப்பெயரைவிடப் பயன்தரும். அடுத்த முறை எதைப் பார்க்கவேண்டும் என்று அது சொல்லும்.

உறுதியானவற்றை ஈ-பேர்ட் தளத்தில் நாள், நேரம், எண்ணிக்கையுடன் பதிவிடலாம். பதினைந்து நிமிடம் பார்த்து, கண்ட எல்லாவற்றையும் காகம், மைனா உட்பட எழுதுவதே சரியான பட்டியல். அரியதை மட்டும் எழுதும் பட்டியலிலிருந்து, ஊரில் எது குறைகிறது என்று யாராலும் அறிய இயலாது. பொங்கல் நாள்களில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் வீட்டுத் தோட்டத்திலிருந்தே சேரலாம். ஊருக்கு எல்லோரும் வந்திருக்கும் அந்த நாள்களில், காலை ஆறரைக்கு முக்காலியை வாசற்படிக்கு உள்ளே போட்டு, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பென்சிலைக் கொடுத்து உட்காரவையுங்கள். முதல் கால்மணி நேரம் ஒன்றும் வராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.